காணாமல் போகாத வயர்: ஒரு கிரானைட் குவாரி கேட்டில் நடந்தது

2023 ஜூன் மாதம், மாங்காய் சீசன் முடியும் நேரம். கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தோப்புக் காவல்காரர் ஒருவரை கிரானைட் குவாரி செக்யூரிட்டிகள் அடித்து மணிக்கட்டை உடைத்தார்கள். மறுநாள் சாலை மறியல், போலீஸ், 11 பேர் மேல் வழக்கு. கல் ஏற்றிய 7 டிரெய்லர்கள் சென்னைத் துறைமுகத்துக்குப் போகாமல் நின்றன. பத்து நாளில் விஷயம் ஜெர்மனியில் கல் வாங்கும் இறக்குமதியாளர் காதுக்கும் போய்விட்டது. அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது: என்ன நடந்தது, இனி நடக்காமலிருக்க என்ன செய்வீர்கள், வெளியாள் ஒருவரை வைத்து விசாரித்து எழுதி அனுப்புங்கள்.

அந்த வெளியாள் நான். ஓசூரில் இருந்துகொண்டு தொழிற்சாலைகளிலும் குவாரிகளிலும் தொழிலாளர் நிலைமை பற்றி ஆய்வு செய்து அறிக்கை எழுதுவது என் பிழைப்பு. ஊரின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை.

ஜெர்மனிக்கு இதில் என்ன அக்கறை என்று ஊரில் பலர் கேட்டார்கள். நம் பக்கத்துக் கறுப்புக் கல்லும் வண்ணக் கல்லும் அங்கே சமையல் மேடையாகவும் கல்லறைக் கல்லாகவும் போகின்றன. குழந்தைகளை வேலை வாங்கி வெட்டிய கல்லைக் கல்லறையில் வைக்கக்கூடாது என்று அங்கே சில மாநிலங்களில் விதியே இருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் இன்னொரு சட்டமும் வந்தது. அந்த வருஷம் 3,000 பேரும் அதற்கு மேலும், 2024 முதல் 1,000 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள், தாங்கள் வாங்கும் பொருள் எந்த நிலைமையில் தயாராகிறது என்று விசாரித்தே ஆகவேண்டும். இந்தக் குவாரியின் கல் கடைசியில் போய்ச் சேர்வது அப்படிப்பட்ட ஒரு பெரிய கடைத்தொடருக்கு.

சம்பவத்துக்கு மூன்று மாதம் முன்புதான் 64 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றை நிறுவனம் நிரப்பி அனுப்பியிருந்தது. செக்யூரிட்டி பற்றி அதில் ஒரே ஒரு கேள்வி: பாதுகாவலர்கள் ஆயுதம் வைத்திருக்கிறார்களா? பதில்: இல்லை. அது பொய்யும் இல்லை. அவர்களிடம் இருந்தது ஒன்றரை அங்குல பி.வி.சி. பைப்.

அன்றிரவு

தோப்புக் காவல்காரருக்கு 46 வயது. தோப்பில் இரவு எட்டரை வரை இருந்துவிட்டு, வேறு ஆளை மாற்றிவிட்டு, டி.வி.எஸ். எக்ஸ்.எல்லில் வீடு திரும்புவது வழக்கம். தோப்புக்கும் ஊருக்கும் நடுவே உள்ள வண்டிப்பாதை குவாரியின் ஓரமாகப் போகிறது. வி.ஏ.ஓ.விடம் எஃப்.எம்.பி. என்ற நில அளவை வரைபடம் வாங்கிப் பார்த்தேன். வண்டிப்பாதை என்றே தெளிவாகப் போட்டிருக்கிறது. குத்தகை நிலத்தில் அது சேரவில்லை. ஆனாலும் இரண்டு வருஷமாக அதன் குறுக்கே ஒரு சங்கிலி. பகலில் அவிழ்ப்பார்கள், இரவில் கட்டுவார்கள். தெரிந்த முகம் என்றால் விடுவார்கள்.

அன்றைக்கு கேட்டில் இருந்த இருவரும் வேலைக்குச் சேர்ந்து இருபது நாள்தான் ஆகிறது. அவர்களுக்கு அவர் முகம் தெரியாது. இரண்டு நாள் முன்பு வயர் சா மெஷினின் வயர் ஒரு சுருள் காணவில்லை என்று சூப்பர்வைசர் கத்தியிருந்தார். வைரத்தூள் மணிகளைக் கோத்த எஃகுக் கயிறு அது. பாறையைத் தயிர்க்கட்டி மாதிரி அறுக்கும். விலை மீட்டர் கணக்கு. எக்ஸ்.எல்லின் முன்னால் ஒரு சாக்கு மூட்டை இருந்தது. உள்ளே மாங்காய். அதைக் கொட்டிப் பார்த்துவிட்டும் விடவில்லை. கம்ப்ரசர் ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், "வயரை யாருக்கு வித்த, சொல்லு" என்று கேட்டபடி பைப்பால் அடித்திருக்கிறார்கள். முதல் நாலைந்து அடியைத் தடுத்த கைதான் உடைந்தது. விடிகாலை மூன்று மணிக்கு சூப்பர்வைசர் போனில் சொன்ன பிறகு விட்டார்கள். எக்ஸ்.எல் சாவியை மட்டும் கொடுக்கவில்லை. உடைந்த கையோடு ஒன்றரை கிலோமீட்டர் நடந்து வந்திருக்கிறார்.

சட்டம் இங்கே குழப்பமே இல்லாதது. போலீஸ் அல்லாத ஒருவர் இன்னொருவரைப் பிடித்து வைக்கலாம், ஆனால் தன் கண்ணெதிரே ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத, போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் நடந்தாலோ, அவர் தேடப்படும் குற்றவாளி என்று நீதிமன்றம் அறிவித்தவராக இருந்தாலோ மட்டும். பிடித்தாலும் தாமதமில்லாமல் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். அப்போது இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 43ஆவது பிரிவு இதைச் சொன்னது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டம் ஆறு மணி நேரம் என்று கெடுவும் வைத்துவிட்டது. சாக்கில் மாங்காய் கொண்டுபோவது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை.

மறுநாள்

காலை ஏழு மணிக்கே ஊர் திரண்டு டிரெய்லர்களை நிறுத்திவிட்டது. பெண்கள்தான் அதிகம். போலீஸ் வந்தது, பேசியது, கலைந்து போகச் சொன்னது. பத்தரைக்கு மறியல் முடிந்தது. தடியடி இல்லை. அந்த அளவுக்கு எஸ்.ஐ. நிதானமாக நடந்துகொண்டார் என்று ஊர்க்காரர்களே சொன்னார்கள்.

பிரச்சினை அதற்குப் பிறகு வந்தது. நிறுவனத்தின் புகாரின் பேரில் சட்டவிரோதமாகக் கூடியது, வழிமறித்தது என்று 11 பேர் மேல் அன்று மாலையே எஃப்.ஐ.ஆர். அடிபட்டவர் கொடுத்த புகாருக்கு, புகார் வந்தது என்று மட்டும் சொல்லும் சி.எஸ்.ஆர். ரசீது. எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். அடைத்து வைத்தது தனிக் குற்றம். இப்படிப்பட்ட புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013லேயே சொல்லிவிட்டது. இருந்தும் ரசீதுதான் கிடைத்தது.

பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர்கள் நான்கு நாள் அங்கேயே இருந்தார்கள். சாப்பாடு குவாரி மெஸ்ஸில். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. ஜீப்புக்கு டீசலும் குவாரி டேங்கில் இருந்துதான். மேனேஜரிடம் கேட்டேன். "வெயில்ல நிக்கறாங்க சார், சோறு போடாம எப்படி?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் மெஸ் ஷெட்டுக்கு நான்கு பக்கமும் சுவர் கிடையாது, ஊரின் மேட்டுத் தெருவில் நின்றால் உள்ளே யார் சாப்பிடுகிறார்கள் என்று தெரியும். "அவங்க சோறு திங்கறவங்க எங்க புகாரை எப்படி சார் எழுதுவாங்க?" என்று ஒரு அம்மா கேட்டார். அறிக்கையில் ஒரு பக்கம் எழுதவேண்டிய விஷயத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

எண்ணெய்க் கிணற்றுக்கு எழுதியது

இந்த மாதிரி விவகாரத்துக்கென்றே உலக அளவில் ஒரு ஏற்பாடு இருக்கிறது: பாதுகாப்பும் மனித உரிமைகளும் குறித்த தன்னார்வக் கோட்பாடுகள். 1990களில் நைஜீரியாவின் எண்ணெய் வயல்களிலும் கொலம்பியாவின் குழாய்ப் பாதைகளிலும் இந்தோனேசியாவின் சுரங்கங்களிலும் கம்பெனிச் சொத்தைக் காக்க நின்ற ராணுவமும் போலீசும் உள்ளூர் மக்களை என்ன செய்தன என்ற கேள்வி பெரிதாகக் கிளம்பியது. 2000 டிசம்பரில் அமெரிக்க, பிரிட்டிஷ் அரசுகளும் சில எண்ணெய், சுரங்க நிறுவனங்களும் மனித உரிமை அமைப்புகளும் உட்கார்ந்து இதை எழுதின. இந்தியா இதில் உறுப்பு நாடு அல்ல. எந்தக் கிருஷ்ணகிரி குவாரியும் இதில் கையெழுத்துப் போட்டதில்லை.

ஆனால் அதன் மூன்று பகுதிகளைப் படித்தால் நம் கேட்டுக்கு எழுதியது மாதிரி இருக்கிறது. முதலாவது, எங்கே மோதல் வரும் என்று முன்கூட்டியே பார்ப்பது. நம் ஊரில் அது அந்தச் சங்கிலி. இரண்டாவது, அரசுப் படைகளோடு கம்பெனி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது. என்ன கொடுக்கிறோம் என்பது வெளிப்படையாக இருக்கவேண்டும். அத்துமீறல் என்று நம்பத்தக்க புகார் வந்தால் பதிவு செய்து அரசிடம் சொல்லவேண்டும். அமைதியாகக் கூடும் உரிமையில் கை வைக்கக்கூடாது. 2018 மே மாதம் தூத்துக்குடியில் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தில் போலீஸ் சுட்டு 13 பேர் செத்ததைப் பார்த்த மாநிலத்தில் இதற்கு விளக்கம் வேண்டாம். மூன்றாவது, தனியார் காவலர்கள். தடுப்பதும் காப்பதும்தான் அவர்கள் வேலை, விசாரிப்பது அல்ல. அடிபட்டவருக்கு, அவர் திருடனே என்றாலும், முதலில் வைத்தியம்.

நம்மிடம் சட்டம் இல்லாமலில்லை. 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம் உரிமம் கேட்கிறது, போட்டோ அடையாள அட்டை கேட்கிறது. அதன் மாதிரி விதிகளின்படி காவலருக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப் பயிற்சியும் வேண்டும். ஆனால் அந்தச் சட்டம் கட்டுப்படுத்துவது முகமைகளை. குவாரி தானே நேரடியாக வைத்துக்கொள்ளும் ஆளை அது தொடுவதில்லை. இங்கே கேட்டில் இருந்த 9 பேரில் 6 பேர் கல் ஏற்றும் கான்டிராக்டரின் மஸ்டர் ரோல் என்ற வருகைப் பட்டியலில் "ஹெல்பர்" என்று இருந்தார்கள். அடித்த இருவரும் அந்த ஆறு பேரில் அடக்கம். காக்கிச் சட்டை போட்ட ஹெல்பர்கள்.

சம்பளப் பதிவேடு

முதல் இரண்டு நாள் நானும் எல்லாரையும் போல "பயிற்சி இல்லை" என்றுதான் எழுதிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அக்கவுண்ட்ஸில் சம்பளப் பதிவேட்டைப் புரட்டினேன். செக்யூரிட்டி ஆட்களின் பெயருக்கு நேரே "இதர பிடித்தம்" என்ற பத்தியில் 1,500, 2,000 என்று மாதாமாதம் தொகை. அவர்கள் சம்பளமே 13,500. என்ன பிடித்தம் என்று கேட்டேன். கிளார்க் தம்பி சாதாரணமாகச் சொன்னார்: "ஷார்ட்டேஜ் சார். டீசல், கேபிள், ட்ரில் ராடு எது காணாம போனாலும் அந்த ஷிப்ட் செக்யூரிட்டி மேல போட்டுடுவோம்."

வயர் சுருளின் விலையையும் அந்த ஷிப்ட் ஆட்கள் மீது போடப்போவதாக சூப்பர்வைசர் ஏற்கனவே சொல்லியிருந்தார். ஆறேழு மாதச் சம்பளத்தில் ஓட்டை விழும். அந்த இரண்டு பையன்களும் இருபத்தைந்து வயதைத் தாண்டாதவர்கள். ஒருவன் ஊத்தங்கரைப் பக்கம், இன்னொருவன் அரூர்ப் பக்கம். அன்றிரவு அவர்களுக்கு எப்படியாவது ஒரு திருடன் வேண்டும். எக்ஸ்.எல்லில் ஒருவர் வந்தார்.

அடித்ததை இதை வைத்து நியாயப்படுத்தவில்லை. ஆனால் எந்தப் பயிற்சி கொடுத்தாலும், மனித உரிமை என்று எத்தனை பவர்பாயின்ட் போட்டாலும், இந்தப் பத்தி இருக்கும்வரை அடி விழத்தான் செய்யும். இது சட்டவிரோதமும்கூட. அப்போது நடப்பில் இருந்த 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டப்படி, ஒருவர் பொறுப்பில் தனியாக ஒப்படைத்த பொருள் அவருடைய அலட்சியத்தால் போனால்தான் பிடிக்கலாம், அதுவும் அவரிடம் விளக்கம் கேட்ட பிறகுதான். ஷிப்டுக்கே மொத்தமாகப் பங்கு போடுவதற்கு அதில் இடமிருக்கவில்லை. 64 கேள்விப் படிவத்தில் பிடித்தம் பற்றியும் ஒரு கேள்வி இருந்தது. செக்யூரிட்டி கேள்வி 41ஆம் எண், பிடித்தக் கேள்வி 17ஆம் எண். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அதற்கு முந்தின வருஷம் இதே குவாரியில் ஆய்வு செய்த எனக்கும்தான்.

அப்புறம் அந்த வயர். ஸ்டோர் பதிவேட்டில் அது இல்லை. ஆனால் அதே நிறுவனத்தின் இரண்டாவது குழியில், வயர் சா மெஷினுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்தது. அங்கே அவசரம் என்று எடுத்துப்போன ஃபோர்மேன், ஸ்டோருக்குக் கொடுக்கவேண்டிய இன்டென்ட் சீட்டை எழுத மறந்துவிட்டார். திருட்டே நடக்கவில்லை.

டீக்கடை

செப்டம்பர் 30ஆம் தேதி, சனிக்கிழமை. காலையில் ஊர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். முந்தின நாள் சென்னை உயர் நீதிமன்றம் வாச்சாத்தி வழக்கில் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்திருந்தது. பேப்பர் கை மாறிக்கொண்டே இருந்தது.

தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, மற்றவர்களுக்காக: 1992 ஜூன் 20, அரூர் பக்கம் சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்திக்குள் சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். ஊரைச் சூறையாடி, மக்களை அடித்து, 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். மலைவாழ் மக்கள் சங்கத்தாரும் இடதுசாரிகளும் விடாமல் போராடிய பிறகு, 1995இல் உயர் நீதிமன்ற உத்தரவால் வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 அரசு ஊழியர்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது 54 பேர் உயிரோடு இல்லை, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது. சரியாக 12 வருஷம் கழித்து, அதே தேதியில், உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் கொடுக்கச் சொன்னது.

பேப்பரை மடித்துவைத்த பெரியவர் என்னைப் பார்த்து, "அங்க கட்டை, இங்க கல்லு. நம்ம ஊர்ல மண்ணுல இருந்து காசு வர்ற எதுக்கும் காவலுக்கு வர்றவன் நம்மளத்தான் சார் முதல்ல சந்தேகப்படறான்" என்றார். குவாரி ஆபீசில் இந்த ஊரை "சென்சிட்டிவ் கிராமம்" என்று ஃபைலில் எழுதி வைத்திருந்தார்கள். காக்கியைப் பார்த்தால் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு என்னென்ன ஞாபகம் வரும் என்பது அந்த ஃபைலில் இல்லை.

செய்ததும் நடக்காததும்

தாசில்தார் ஆபீசில் அமைதிப் பேச்சுவார்த்தை இரண்டு முறை நடந்தது. முதல் முறை ஒன்றும் நகரவில்லை. இரண்டாவது முறை நிறுவனத்தின் பங்குதாரரே வந்தார். வண்டிப்பாதை வரைபடத்தை மேசையில் விரித்ததும் சங்கிலிக்கு வாதாட யாருக்கும் வாய் வரவில்லை. மறுநாளே எடுத்துவிட்டார்கள். வெடி வைக்கும்போது மட்டும் சிவப்புக் கொடி, இரண்டு முறை சைரன், கால் மணி நேரம் பாதை மூடல் என்று முடிவானது. நேரத்தை ஊர்க்காரர்கள்தான் குறித்தார்கள்: பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் கூடாது, மாட்டை ஓட்டிவரும் நேரத்திலும் கூடாது.

ஹெல்பர் வேஷம் ஒழிந்தது. உரிமம் உள்ள முகமையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். சட்டையில் தமிழில் பெயர். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். "செக்யூரிட்டி அடிச்சான்" என்பதற்கும் பெயரைச் சொல்லிப் புகார் கொடுப்பதற்கும் உள்ள தூரம் ஸ்டேஷனில் நின்றவர்களுக்குத் தெரியும். சந்தேகம் வந்தால் பிடித்து வைக்காதே, வண்டி நம்பரைக் குறித்துக்கொண்டு போன் செய் என்பது உத்தரவு. ஷார்ட்டேஜ் பிடித்தம் நிறுத்தப்பட்டது, பழைய பிடித்தத்தில் ஒரு வருஷத்தொகை திரும்பக் கிடைத்தது. இதற்குத்தான் நிறுவனம் ரொம்ப முரண்டு பிடித்தது. வைத்தியச் செலவையும் மூன்று மாத வருமான இழப்பையும் யோசிக்காமல் கொடுத்தவர்கள், இந்தப் பிடித்தத்தைக் கைவிட ஒரு மாதம் எடுத்துக்கொண்டார்கள்.

புகார்ப் பெட்டி தோல்வி. ஐ.நா.வின் 2011 வழிகாட்டுக் கோட்பாடுகளில் 31ஆவது, குறைகேட்கும் வழி மக்கள் நம்புவதாகவும் எளிதில் எட்டுவதாகவும் இருக்கவேண்டும் என்கிறது. நான் அதைப் படித்தவன்தான், இருந்தும் பச்சைப் பெயின்ட் அடித்த பெட்டியை கேட்டுக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னது நான்தான். யார் பேரில் புகாரோ அவர்கள் கண்ணெதிரே போய் யார் போடுவார்கள்? நான்கு மாதத்தில் இரண்டு சீட்டு விழுந்தது. ஒன்றில் வேலை கேட்டு விண்ணப்பம், இன்னொன்று காலி உறை. கடைசியில் பால் சொசைட்டியில் வழி பிறந்தது. காலையும் மாலையும் பால் ஊற்ற எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வருகிறது. அங்கே ஒரு நோட்டு வைத்தோம். எழுதத் தெரியாதவர்களுக்கு சொசைட்டி செயலாளரே எழுதிக்கொடுக்க ஒத்துக்கொண்டார். முதல் மாதம் 9 புகார். தூசி, லாரி வேகம், வெடியில் ஓடு நகர்ந்தது. செக்யூரிட்டி மேல் ஒன்று, அதுவும் பெயரோடு.

போலீஸ் விஷயத்தில் எதுவும் நடக்கவில்லை. சாப்பாடு, டீசல் எல்லாவற்றையும் எழுதி வைத்து எஸ்.பி. அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள் என்றேன். பங்குதாரர் சிரித்தார். "எழுதிக் கொடுத்துட்டு நாளைக்கு நடைச்சீட்டு லாரியை ஹைவேல நிறுத்தினா நீங்க வருவீங்களா?" கல் லாரி போக அனுமதிச் சீட்டுத்தான் நடைச்சீட்டு. பதில் என்னிடம் இல்லை. 11 பேர் மேலான புகாரைத் தொடர விருப்பமில்லை என்று ஒரு கடிதம் மட்டும் கொடுத்தார்கள்.

பிஸ்கட் டப்பா

ஒன்று நான் தேடிப் போகாமல் கிடைத்தது. ராத்திரி ஷிப்ட் செக்யூரிட்டியின் கடமைப் பட்டியலில் நான்காவதாக, "ஒன்பது மணிக்கு மேல் லேபர் ஷெட்டிலிருந்து யாரும் வெளியே போகக்கூடாது" என்று இருந்தது. ஷெட்டில் ஒடிசா, ஜார்க்கண்ட் ஆட்கள் 31 பேர். அவர்களுடைய ஆதார் அட்டைகள் எல்லாம் ஆபீஸ் பீரோவில், ஒரு பிஸ்கட் டப்பாவில், ரப்பர் பேண்ட் போட்டு. தொலைந்துவிடும் என்று பத்திரமாக வைத்திருக்கிறார்களாம். எல்லாரும் முன்பணம் வாங்கி வந்தவர்கள்.

முன்பணம், அட்டை, வெளியே போகத் தடை. மூன்றும் சேர்ந்தால் 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் பேசத் தொடங்கும். பரிதாபாத் கல்குவாரித் தொழிலாளர்களுக்காகப் போட்ட பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் 1983லேயே, கட்டாய வேலை என்று தெரியவந்தால் அது முன்பணத்துக்கு ஈடாகத்தான் என்று முதலில் எடுத்துக்கொள், இல்லை என்று நிரூபிப்பது முதலாளி பாடு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதை நேராகவே சொன்னேன். அட்டைகளை அன்றே கொடுத்தார்கள், நான்காவது கடமையைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். தொழிலாளர்கள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. மேஸ்திரி பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தார், எனக்கு ஒடியாவும் வராது. அறிக்கையில் இந்தப் பகுதியைக் கோட்டாட்சியர் விசாரிக்கவேண்டும் என்று முடித்தேன். என் வேலையிலேயே அரைகுறையாக விட்டது இதுதான்.

2025 ஜனவரியில் வேறு வேலையாகப் போனபோது எட்டிப் பார்த்தேன். பாதை திறந்திருக்கிறது. தோப்புக் காவல்காரருக்கு மணிக்கட்டு முழுதாகத் திரும்பாது, எக்ஸ்.எல்லின் ஆக்சிலேட்டரை முறுக்கச் சிரமப்படுகிறார். எஸ்.பி.க்கு மனுக் கொடுத்த பிறகு அவருடைய எஃப்.ஐ.ஆர். பதிவாகி, இரண்டு பையன்கள் மேலும் குற்றப்பத்திரிகை ஆகியிருக்கிறது. 11 பேரும் இன்னும் வாய்தாவுக்குப் போய்வருகிறார்கள், போகிற நாளில் கூலி போகிறது. ஷார்ட்டேஜை ஷிப்டு மேல் போடச் சொன்னது யார் என்று எந்த வழக்குக் கட்டிலும் இல்லை.

அக்கவுண்ட்ஸில் அந்தத் தம்பி அதே நாற்காலியில் இருந்தார். பதிவேட்டைக் காட்டச் சொன்னேன். புதிய நோட்டு, ஆனால் அச்சு பழையது. "இதர பிடித்தம்" பத்தி அப்படியே இருக்கிறது. செக்யூரிட்டி பெயர்களுக்கு நேரே மாதாமாதம் ஒரு சிறு கோடு போட்டு வைக்கிறார்.